மீசைக்காரர் காட்டிய மயில்கழுத்துப் பட்டு

அத்தியாயம் 9

என் மனைவி சுகிர்தம் இருந்திருந்தால் இந்த வாரத்துக் கதையை என்னைவிட நன்றாகச் சொல்லியிருப்பாள். அன்றைக்கு நடந்ததில் பாதி அவள் செய்தது. மீதிப் பாதி அவள் செய்ய வைத்தது. அவள் போய் இரண்டு கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது. அதனால் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

விட்ட இடத்தை நினைவுபடுத்திவிடுகிறேன். கோயமுத்தூர் கம்பெனியிலிருந்து என் மகள் பிரின்சிக்கு வேலை உத்தரவு வந்திருந்தது. அல்லிநகரம் வீட்டில் ஃபிரிட்ஜுக்கு மேலே, மாத்திரை டப்பாவுக்கு அடியில் அது கிடந்தது. பிரின்சி இன்ஜினீயரிங் முடித்தவள். முடித்த கையோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீடு கல்யாண வீடாக அலைந்தவள்.

"ஒரே ஒரு படம்ப்பா. உங்க கடை விளம்பர போர்டுல என் படம் ஏறுச்சுன்னா இதான் என் தொழில். ஏறலைன்னா திங்கக்கிழமை கோயமுத்தூர் பஸ் ஏறிர்றேன். அதுக்கப்புறம் இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்."

அவளே சொன்ன வாக்கு அது. யாரும் கேட்டு வாங்கவில்லை.

நான், ஞானசிகாமணி, தேனி கம்பம் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் விற்பனையாளன். ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் நேரு சிலைப் பக்கம் எங்கள் கடைக்கு ஒரு பெரிய போர்டு வைப்பது வழக்கம். எப்போதும் சென்னையிலிருந்துதான் படம் வரும். அந்த வருஷம் முதலாளி முத்துராஜா என்னைக் கூப்பிட்டு, பிரின்சி எடுக்கட்டும் என்றார். சொன்னதோடு நிறுத்தவில்லை.

"அண்ணே, உங்க மகள்ங்கிறதுக்காகக் குடுக்கல. அது எடுத்த படத்துல துணி பேசுது. ஆனா முகம் நம்ம கடை வாசல்ல நிக்கிற பொம்மை மாதிரி இருக்கு. அதைச் சரி பண்ணச் சொல்லுங்க."

அந்த வார்த்தையை நான் வீட்டில் அப்படியே சொன்னேன். பிரின்சி தட்டில் பாதித் தோசையோடு எழுந்து போனாள். கோபம் இல்லை. அவளுக்கும் அது தெரிந்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டு நேரே கடைக்கு வந்து பொம்மைகளுக்குத் துணி மாற்றி வளர்ந்த பிள்ளை. மனுஷரையும் அப்படியே நிற்க வைத்துவிடுகிறோமோ என்ற பயம் அவளுக்கு வெகுநாளாக இருந்தது.

வியாழக்கிழமை காலையில் வேன் கிளம்பியது. பட்டுச் சேலைப் பை என் மடியில். கடைச் சரக்குக்கு நான் பொறுப்பு. சேலை கட்டிவிட சுகிர்தம்.

சுகிர்தத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தேனி, போடி பக்கத்தில் எங்கள் சபைக் கல்யாணங்களில் பெண்ணுக்குச் சேலை கட்டிவிட அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் கட்டிய மடிப்பு ராத்திரி விருந்து முடிகிறவரை நகராது. அந்த ஆல்பங்கள் எல்லாவற்றிலும் அவள் இருப்பாள். பெண்ணின் காலடியில் குனிந்து, வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு. முதுகு தெரியும், கை தெரியும். முகம் ஒன்றிலும் இருக்காது. கேமரா திரும்பினால் அவளும் திரும்பிவிடுவாள். பெற்ற மகள் கேமராக்காரி ஆன பிறகும் அப்படித்தான்.

"பொண்ணைப் பாக்க வந்தவுக பொண்ணைப் பாக்கட்டும்" என்பாள்.

காமயகவுண்டன்பட்டியில் ஈஸ்வரபாண்டியின் திராட்சைத் தோட்டம். கடைக்கு வாடிக்கையான விவசாயி. அவருடைய மூன்று பெண்களின் கல்யாணப் பட்டும் நான் காட்டியதுதான். பந்தலுக்கு அடியில், கல்தூண்களுக்கு நடுவே, கொத்துக் கொத்தாகப் பன்னீர் திராட்சை தொங்க ஒரு பட்டுச் சேலைக்காரி நடந்து வரவேண்டும். அதுதான் பிரின்சி மனதில் வைத்திருந்த படம். அதற்காகக் கேரளத்துக் கட்டப்பனையிலிருந்து லியா என்று ஒரு மாடல் பெண் மலையிறங்கி வந்திருந்தாள்.

ஈஸ்வரபாண்டி தோட்டத்து வாசலில் கஞ்சி போட்ட வேட்டியில் நின்றிருந்தார். தலைக்கு மை அடித்திருந்தார்.

"வாங்கண்ணே, வாத்தா பிரின்சி! நேத்துச் சாயங்காலத்துல இருந்து மோட்டாரை நிப்பாட்டலை. தோட்டம் எப்படி இருக்கு பாருங்க, பச்சைப் பசேல்னு!"

பார்த்தோம். இலை எல்லாம் பச்சைதான். கீழே கணுக்கால் முழுகும் சேறு.

பிரின்சி கேமராப் பையைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டாள். "மாமா, தண்ணி பாய்ச்சச் சொல்லி யாரு சொன்னா?"

"இதைச் சொல்லணுமாக்கும்? விருந்தாளி வாறாகன்னா வாசல் தெளிக்கிறதில்லையா?"

அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அவரே ஓடிப்போய்த் தென்னை மட்டைகளை இழுத்து வந்து வரிசையாகப் போட்டார். சுகிர்தம் லியாவுக்கு ரோஸ் கலர் பட்டு ஒன்றைக் கட்டி, கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மட்டைமேல் கூட்டிப் போனாள்.

லியா நல்ல பெண். தொழில் தெரிந்தவள். நில் என்றால் நின்றாள், சிரி என்றால் சிரித்தாள். பிரின்சி எடுத்துக்கொண்டே இருந்தாள். நடுவில் பந்தலைத் தாண்டி ஆடிக் காற்று ஒரு வீச்சு வீசியது. முந்தானை போய்க் கொடியில் மாட்டியது. அதைப் பிடிக்க லியா எட்டினாள். மட்டை வழுக்கியது.

அவ்வளவுதான். ரோஸ் பட்டு சேற்றில். லியாவின் கால் கண்ணெதிரே வீங்கியது.

"சாரமில்ல சேச்சி, சாரமில்ல" என்று, பரவாயில்லை அக்கா என்பதை மலையாளத்தில் சொல்லி, அந்தப் பிள்ளை வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு பிரின்சியைத் தேற்றியது. சுகிர்தம் தன் துண்டைக் கிழித்துக் காலைச் சுற்றிக் கட்டினாள். ஈஸ்வரபாண்டி தலையில் அடித்துக்கொண்டார். லியாவைக் காரில் ஏற்றிக் கம்பம்மெட்டு வழியாக அனுப்பும்போது, அவள் நீட்டிய காலுக்குப் பக்கத்திலேயே ஒரு கூடைத் திராட்சையை வைத்தார்.

"வெறுங்கையோட அனுப்பக்கூடாதுல்ல ஆத்தா."

வேனில் ஏறியதும் பிரின்சி கேமராவின் பின்திரையில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். சுகிர்தம் எட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தானடி இருக்கு. திராட்சை கூட அழகா வந்திருக்கு."

"திராட்சை அழகா வந்திருக்கும்மா. சேலை அழகா வந்திருக்கு. அவ அங்கன இல்லம்மா. நான் சிரிக்கச் சொன்னேன், சிரிச்சா. நிக்கச் சொன்னேன், நின்னா." கேமராவை அணைத்தாள். "கால் சுளுக்கின பெறகு சாரமில்லன்னு சொன்னாளே, அப்பத்தான் முகம்னு ஒண்ணு வந்துச்சு. அப்ப நான் கேமராவைக் கீழ வச்சுட்டேன்."

சின்னமனூர் தாண்டும்போது முதலாளி போன் செய்தார். பிரஸ்ஸுக்கு அன்று சாயங்காலத்துக்குள் படம் போகவேண்டும். தள்ளிப்போட்டால் அச்சு அடுத்த வாரம், முகூர்த்தம் போய்விடும். இல்லையென்றால் சென்னைக்காரர்களிடம் பழைய படம் ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிடலாம் என்றார். சேற்றுச் சேலையைப் பற்றி, "அதை அப்புறம் பேசுவோம்ணே" என்று மட்டும் சொன்னார்.

பிரின்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

சுகிர்தம் அவள் முதுகில் கை வைத்தாள். "அழுகுறதுன்னா வீரபாண்டிக்குள்ள அழுது முடிச்சிரு. தேனி வந்துட்டா தெரிஞ்சவுக இருப்பாக."

வீரபாண்டி வந்தது. பிரின்சி முகத்தைத் துடைத்தாள்.

"அம்மா, கோயமுத்தூருக்குப் போறதுக்கு எனக்கு ஒண்ணுமில்ல. எனக்கு இந்தத் தொழில் வராதுன்னு தெரிஞ்சு போனா பரவாயில்ல. தெரியாமப் போறதுதான் சங்கடமா இருக்கு."

ஈஸ்வரபாண்டி எங்களுக்கும் ஒரு கூடை கொடுத்திருந்தார். சுகிர்தம் அதிலிருந்து ஒரு கொத்தை எடுத்து, மகள் கையில் திணித்தாள்.

கடைக்கு வந்தபோது மத்தியானம். சாப்பாட்டு நேரத்தில் பட்டுப் பிரிவில் ஆள் இருக்காது. மாடி முழுக்க வெள்ளை மெத்தை விரிப்பு, ஃபேன் சத்தம், என் கூட்டாளி சுருளிராஜனின் கொட்டாவி. அவன் எனக்கு எதிர் வரிசை விற்பனையாளன்.

"என்னண்ணே, நாத்து நட்டுட்டு வாறீகளா?" என்றான் என் வேட்டியைப் பார்த்து.

நான் சேலைகளை எடுத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்த பெரிய ஜன்னலுக்குப் போனேன். ட்யூப் லைட்டில் பட்டைப் பார்க்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். "வெளிச்சத்துல காட்டுங்க" என்பார்கள். அந்த ஜன்னலுக்குத்தான் கூட்டிப்போவோம். இப்போது நான் சேறு தெறித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாக விரித்தேன். விரித்தால் அடுத்த வேலையைக் கை தானாகச் செய்யும். முந்தியை விசிறியாக மடித்து இடது தோளில் போட்டு, உடம்புப் பகுதியை இடுப்பருகே பிடித்து, கரையை முன்னால் இழுத்துவிட்டு. எந்தப் பட்டுக் கடைக்காரனும் செய்கிற காரியம்தான். என் மீசைக்கும் தொப்பைக்கும் மேலே எத்தனையோ கல்யாணப் பெண்களின் முகூர்த்தச் சேலை கிடந்திருக்கிறது. யாரும் சிரித்ததில்லை. அவர்கள் சேலையைத்தானே பார்க்கிறார்கள்.

"அப்பா."

திரும்பினேன். பிரின்சி மாடிப்படி முகப்பில் நின்றிருந்தாள்.

"அப்படியே நில்லுங்க."

"ஏத்தா, என்ன?"

"அசையாதீங்க. அப்படியே."

அசையாமல் நின்றேன். கேமரா என் பக்கம் திரும்பியதும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன். மோவாயைத் தூக்கினேன். மீசையைக் கூட ஒருமுறை நீவிவிட்டேன்.

"போச்சு" என்றாள் பிரின்சி. "ஆதார் கார்டு மாதிரி ஆயிட்டீங்க."

சுருளிராஜன் எழுந்து வந்து பார்த்தான். "மூச்சு விடுங்கண்ணே. இல்லன்னா இந்தப் பிள்ளை படத்துக்கு மாலை போட்டுரும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "என்னையா எடுக்கிற? சேலை விளம்பரத்துக்கு என்னையா? பிரின்சி, ஊர் சிரிக்கும். சபையில நான் தலை காட்ட முடியாது."

அவள் கேட்டுக்கொள்ளவில்லை. ஜன்னலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "இப்ப திரும்புறதுக்கு முன்னாடி நல்லா இருந்துச்சு. என்ன மாறுச்சு? அப்பா, கடையில சேலை காட்டும்போது எங்க பாப்பீங்க?"

"எடுக்க வந்தவுக முகத்தைத்தான். பிடிச்சிருக்கா இல்லையான்னு அதுலதான தெரியும்?"

பிரின்சி ஜன்னலுக்கு எதிரே கிடந்த மெத்தையைப் பார்த்தாள். பிறகு படிக்கட்டுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அம்மா! மேல வா. இந்த மெத்தையில வந்து உக்காரு."

சுகிர்தம் பாதிப்படியில் நின்றாள். "நானா? மெத்தையிலயா?"

நாங்கள் கல்யாணமான வருஷத்திலிருந்து நான் அந்தக் கடையில்தான் இருக்கிறேன். அவள் ஒரு தடவைகூட அந்த மெத்தையில் உட்கார்ந்ததில்லை. யாரும் கூடாதென்று சொன்னதில்லை. வீட்டுக்கு வேண்டியதை நானே எடுத்து வருவேன், அவள் கட்டுவாள். கடையில் வேலை செய்கிற எல்லார் வீட்டிலும் அப்படித்தான்.

"என்னைப் படம் எடுப்பியா?" என்றாள் சந்தேகமாக.

"உன்னை எடுக்கல. உன் முதுகுக்குப் பின்னாடி உக்காந்து அப்பாவை எடுக்கப் போறேன். நீ சேலை எடுக்க வந்திருக்க. அவ்வளவுதான்."

சுகிர்தம் செருப்பைக் கழற்றிவிட்டு, மெத்தை ஓரத்தில் முழங்காலை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பிரின்சி அவள் தோளுக்குப் பின்னால் மண்டியிட்டாள். கேமரா சுகிர்தத்தின் காதோரம். நான் ஜன்னலுக்கு முன்னால்.

பிறகு சுகிர்தம் தொண்டையைச் செருமினாள். "என்ன கடை இது? வந்தவுகளுக்கு ஒரு காப்பித்தண்ணி கூடக் கிடையாதா?"

சுருளிராஜன் சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது.

"வருதும்மா, வருது. என்ன பாக்குறீக? முகூர்த்தப் பட்டா?"

"எதையாச்சும் காட்டுங்க. பிடிச்சா எடுப்பேன், பிடிக்கலைன்னா பெரியகுளம் போயிருவேன்."

அரக்குக் கலரைத் தோளில் போட்டேன்.

"இது எதுத்த வீட்டுக்காரி எடுத்துட்டா. நான் கட்டினா அவளைப் பாத்து எடுத்தேன்னு சொல்லுவா."

மாம்பழ மஞ்சள்.

"இதைக் கட்டிக்கிட்டு ரோட்டுல நின்னா ஆட்டோன்னு நினைச்சுக் கை காட்டுவாக."

"அப்ப நீங்களே சொல்லுங்க, எதை எடுத்துப் போட?"

"நான் சொல்றதுக்கு நீங்க எதுக்கு மீசையை வச்சுக்கிட்டு நிக்கிறீக?"

என் தொழிலில் இப்படி ஒரு வாடிக்கையாளரை நான் கண்டதில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கேமரா மறந்துபோனது. பையின் அடியில் இருந்த மயில்கழுத்தை உருவினேன். ஒரு பக்கம் பார்த்தால் நீலம், மறுபக்கம் திருப்பினால் பச்சை. ஜன்னல் வெளிச்சத்துக்கு முந்தியை ஒரு விசிறு விசிறி, தோளில் போட்டு, கரையை இழுத்து, அவள் பக்கம் திரும்பினேன்.



குறை சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் கை மெதுவாக நீண்டு கரையைத் தொட்டது. பேச்சு மாறியிருந்தது. வாடிக்கைக்காரி வேஷம் போய்விட்டது.

"இது எனக்கு எடுக்குமாங்க?"

பொருந்துமா என்ற இந்தக் கேள்விக்குக் கடைக்காரனிடம் தயார் பதில் உண்டு. உங்களுக்கென்றே நெய்தது மாதிரி இருக்கிறது என்போம். ஊரில் பாதிப் பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். அவளிடம் அது வரவில்லை. சேலையைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கேமரா சத்தம் கேட்டது. ஒரே ஒரு தடவை.

பிரின்சி கேமராவை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகம் சிவந்திருந்தது.

"வந்துருச்சும்மா" என்றாள். "எனக்கு வருதும்மா."

முதலாளி முத்துராஜா சாப்பிட்டுவிட்டு வந்தார். பில் போடும் மேஜையின் கம்ப்யூட்டரில் பிரின்சி படத்தைப் போட்டு வைத்திருந்தாள். அவர் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது நம்ம ஞானண்ணே தானே?"

"ஆமாண்ணே" என்றாள் பிரின்சி.

"மீசையோட எவனாச்சும் பட்டு விளம்பரம் போடுவானா?"

அவர் இன்னும் குனிந்தார். "சேலை அபாரமா இருக்கு. பச்சையும் தெரியுது, நீலமும் தெரியுது. சென்னைக்காரன் இப்படி எடுத்ததில்ல." நிமிர்ந்தார். "ஒண்ணு செய்வம். கழுத்துக்கு மேல வெட்டிரு. கையும் சேலையும் இருக்கட்டும். யாரு என்னன்னு தெரியாது. இப்பவே அனுப்பிருவோம்."

ஒரு வெட்டு. அவ்வளவுதான் கேட்டார். வெட்டினால் போர்டு ஏறும், வாக்கு நிறைவேறும், கோயமுத்தூர் இல்லை. எனக்கும் ஊர்ச் சிரிப்பிலிருந்து தப்பினோம் என்று இருந்தது. "அப்படியே செய்ங்க முதலாளி" என்று சொல்ல வாய் திறந்தேன். சுகிர்தம் என் முழங்கையில் கிள்ளினாள். இன்றைக்கும் அந்த இடம் எனக்குத் தெரியும்.

"வெட்ட வேணாம்ணே" என்றாள் பிரின்சி.

"ஏம்மா?"

"வெட்டினா அது சேலை படம். அதைப் பொம்மைக்குக் கட்டியே எடுத்துரலாம், யாரு வேணாலும் எடுப்பாக." கம்ப்யூட்டரில் என் முகத்தைக் காட்டினாள். "முகத்தைச் சரி பண்ணச் சொன்னது நீங்கதாண்ணே. இப்ப முகம் வந்திருக்கு. போட்டா இப்படிப் போடுங்க. இல்லன்னா சென்னைப் படத்தையே போட்டுருங்க. நான் திங்கக்கிழமை கோயமுத்தூர் போயிர்றேன். இதை வெட்டிக் குடுத்துட்டு இங்க இருக்கிறதைவிட அது மேல்."

முதலாளிக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசியதில்லை. எனக்கு வந்தது பயமா பெருமையா என்று அப்போது பிரிக்கத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

அவர் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் மாடிப்படியில் வளையல் சத்தம். போடி பக்கத்துக் கல்யாண வீட்டுக்காரர்கள், ஐந்தாறு பெண்கள், முதல் ஆளாகப் பெண்ணின் தாயார். பில் மேஜையைத் தாண்டும்போது அந்த அம்மாள் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு நின்றார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கத்தான் செய்தார். ஆனால் வெட்கப்பட்ட சிரிப்பு. கை தானாகப் போய்த் தன் முந்தானையைச் சரி செய்தது.

"ஏய், இங்க வந்து பாரு" என்று மகளை இழுத்தார். "இந்த அண்ணன் நமக்கே எடுத்துக் காட்டுற மாதிரி இல்ல?" பிறகு முதலாளியிடம், "அந்தச் சேலையை எடுத்துப் போடச் சொல்லுங்க. அதையே பாப்போம்" என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மெத்தையைப் பார்த்தேன். மயில்கழுத்து சுகிர்தத்தின் மடியில் இருந்தது. எப்போது அங்கே போனது என்று எனக்குத் தெரியாது. இரண்டு கையையும் அதன்மேல் வைத்திருந்தாள்.

"அது எடுத்தாச்சும்மா" என்றாள் சுகிர்தம். "வேற பாருங்க."

முத்துராஜா சத்தமாகச் சிரித்தார். பட்டுப் பிரிவில் அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

"அனுப்பும்மா பிரின்சி" என்றார். "மீசையோடயே அனுப்பு."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மூவரும் நேரு சிலைக்குப் போனோம். ஆடிக் காற்று அள்ளிக்கொண்டு போனது. பக்கத்துக் காதுகுத்து பிளெக்ஸ் கிழிந்து படபடத்தது. எங்கள் போர்டு மட்டும் இரும்புச் சட்டத்தில் இறுகி நின்றது. மூன்று மாடி உயரத்தில் நான். மீசை, தொப்பை, தோளில் மயில்கழுத்து. சிக்னலில் நின்ற மினி பஸ்ஸுக்குள்ளிருந்து பெண்கள் தலையை வளைத்துப் பார்த்தார்கள். ஒரு கிழவனார் சைக்கிளை நிறுத்தி, மேலே ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "நீங்கதானாக்கும்?" என்று கேட்டுப் போனார். சபையில் காலையிலேயே ஆரம்பித்திருந்தார்கள்: "அண்ணே, எனக்கும் ஒண்ணு எடுத்துக் காட்டுங்க." நான் எதிர்பார்த்த அளவுக்கு அது வலிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், இன்னும் நாலு பேர் கேட்கமாட்டார்களா என்று இருந்தது.

போர்டின் அடியில், கடைப் போன் நம்பருக்குப் பக்கத்தில், சின்ன எழுத்தில் "படம்: பிரின்சி ஞானசிகாமணி" என்று போட்டிருந்தது. யாரும் கேட்கவில்லை. முதலாளியே போடச் சொல்லியிருக்கிறார். சுகிர்தம் அதை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். பிறகு மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.

அவள் அன்றைக்கு மயில்கழுத்துதான் கட்டியிருந்தாள். எடுத்திருந்தது. நன்றாகவே எடுத்திருந்தது.

தேனியே அந்தப் படத்தைப் பார்த்தது. நான் தங்களுக்குச் சேலை காட்டுவதாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள். யாருக்குக் காட்டினேன் என்பது எங்கள் மூன்று பேருக்கும் சுருளிராஜனுக்கும்தான் தெரியும்.

பிரின்சிக்குப் போன் வந்தது. லியா. கால் தேவலையாம். காற்றுச் சத்தத்தில் கேட்காமல் பிரின்சி ஸ்பீக்கரில் போட்டாள்.

"சேச்சி, நீங்க அனுப்புன அச்சனோட, உங்க அப்பாவோட போட்டோவை கொச்சியில ஒரு சாருக்குக் காட்டினேன். துணிக் கம்பெனிக்கு கேட்டலாக் பண்ற ஆளு. புதன்கிழமை உங்களை வரச் சொல்றார். ஒரு விஷயம் மாத்திரம் கேட்டார்."

"என்ன கேட்டாரு?"

"இந்தாளு யாரைப் பாக்கிறார்? அவங்க படம் உண்டோ? உண்டுன்னா அதையும் கொண்டு வரச் சொன்னார். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கணுமாம்."

பிரின்சி போனைக் கீழே இறக்கினாள். தாயாரைப் பார்த்தாள்.

"என்னையா?" என்றாள் சுகிர்தம். "போடி!" குடையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அல்லிநகரம் பக்கம் விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தாள். காற்று முந்தானையைப் பிடித்து இழுத்தது. நீலம், பச்சை, நீலம் என்று அது பறந்தது.

பிரின்சியின் கழுத்தில் கேமரா தொங்கியது. ஒரு சொடுக்கு போதும். அவள் மூடியைக்கூடக் கழற்றவில்லை.

"எடேன் ஆத்தா."

"முதுகைத்தான் ஊரு பூராம் வச்சிருக்குப்பா" என்றாள். "நான் உக்கார வச்சுத்தான் எடுப்பேன்."

கேமராவைப் பைக்குள் வைத்து மூடிவிட்டு, அம்மாவைப் பிடிக்க ஓடினாள். புதன்கிழமைக்கு இடையில் இரண்டே நாள் இருந்தது. சுகிர்தம் அதற்குள் ரோட்டைக் கடந்துவிட்டாள்.